பஞ்சத்தின் முகம் காட்டிய டிக்பி

பாட்டிமார் சொல்லும் தாது வருடப் பஞ்சம், கடலூரும் சிதம்பரமும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டியது. பல லட்சம் பேர் மடிந்தனர். அவ்வேளையில் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராக வந்தவர் வில்லியம் டிக்பி. 1849இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இலங்கையிலும் பத்திரிகைப் பணி செய்தவர்.

நிவாரண வேலையில் மண் சுமந்தவருக்கு அரசு அளந்தது, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். அரைக் கிலோகூட இல்லை! டிக்பி இதனை வன்மையாகக் கண்டித்தார். நிவாரண நிதிக் குழுவின் கௌரவச் செயலாளராகவும் உழைத்தார்.

ஆனால் இலண்டனில் இருப்பவர்க்கு இங்குள்ள பசி எப்படிப் புரியும்? அதற்குப் புகைப்படங்கள் துணை செய்தன. ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் இருந்தவர்களைப் படமெடுத்தார். புகைப்படத்தை அப்படியே பத்திரிகையில் அச்சிட அன்று வழியில்லை. மரக்கட்டையில் செதுக்கியே வெளியிட்டனர். 1878இல் டிக்பி எழுதிய இரு பாகப் பஞ்ச வரலாற்றிலும் அத்தகைய சித்திரங்கள் உண்டு. படமெடுத்தபின் அந்த ஏழைகளை உணவளிக்காமலே ஹூப்பர் அனுப்பிவிட்டதாகப் பழி எழுந்தது. உண்மையானால் அது கல்நெஞ்சம்தான். ஆயினும் அப்படங்கள் இல்லாவிடில் அந்த முகங்களை யார் அறிவார்?

8,20,000 பவுன் திரண்டது. 120 ஊர்க்குழுக்கள் வழியே மக்களைச் சேர்ந்தது.

தாயகம் திரும்பியும் டிக்பி நம்மை மறக்கவில்லை. இந்தியரின் வறுமையைக் கணக்கிட்டு 1901இல் ஒரு பெருநூல் எழுதினார். அதன் பெயர் 'வளமான' பிரிட்டிஷ் இந்தியா. 'வளமான' என்பதை மட்டும் மேற்கோள் குறிக்குள் இட்டது அவருடைய குறும்பு! 1904இல் காலமானார்.