பதவிக்குப் பின் ஒரு பள்ளிக்கூடம்

விழுப்புரம் மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவன் நான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் தேறியவர்கள் இனிப்புடன் வருவார்கள், தவறியவர்கள் வருவதில்லை. சில நாள்கள் கழித்து அவர்களைத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில், கையில் ஒரு துணிப்பையுடன், சென்னைப் பேருந்துக்குக் காத்திருக்கக் காண்பேன். அப்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர், இம்மண்ணின் மைந்தரான ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்றார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர். நாடு விடுதலை பெற்றபோது அப்பொறுப்பில் இருந்தவரும் அவரே.

இரண்டே ஆண்டு ஆட்சி. அதற்குள் ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஆகியவை நிறைவேறின. கல்வியைப் பொறுத்தவரை நான் பெரிதாகக் கருதுவது வகுப்புவாரி ஆணையில் அவருடைய அரசு செய்த திருத்தத்தை. ஒவ்வொரு 14 இடங்களிலும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே 2 இடங்களும், அரிசனங்களுக்கு 2 இடங்களும் ஒதுக்கப்பட்டன. அவர் பதவி விலகிய பிறகு அந்த ஆணை நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அந்த வீழ்ச்சியே 1951-இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. இதே ஆட்சிதான் 1948-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிப் பெரும் கிளர்ச்சியையும் சந்தித்தது. அது பிழை என்பதே என் கருத்து.

பரிந்துரைக் கடிதங்களுக்குச் செவிசாய்க்காதவர் என்று பெயரெடுத்தவர் சொந்தக் கட்சியினராலேயே நெருக்கப்பட்டு 1949 ஏப்ரலில் விலகினார். மாகாணத்தை ஆண்டவர் அதன்பின் என்ன செய்வார்? வேறொரு பதவிக்குக் காத்திருப்பார். இவரோ வடலூருக்குச் சென்றார். வள்ளலார் 1867-இல் சத்திய தருமச் சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டிய ஊர் அது. அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை உருவாக்கி, ஆதரவற்ற, ஏழைப் பிள்ளைகளுக்கு உறைவிடமும் குருகுலப் பள்ளியும் அமைத்தார். 1970 ஆகஸ்ட் 25-இல் மறையும்வரை அவருடைய நாட்டம் அப்பணியிலேயே இருந்தது.

பசித்த பிள்ளைக்கு முதலில் சோறு, தங்க இடம், பிறகு பாடம் என்னும் அந்த வரிசையை நான் வகுப்பறையில் நின்றுதான் புரிந்துகொண்டேன். தேர்வில் தவறிய மாணவனை நாம் இன்று தனித்தேர்வர் என்கிறோம். பெயருக்கேற்ப அவனைத் தனியாகவே விட்டுவிடுகிறோம். விண்ணப்பமும் கட்டணமும் அவன் பொறுப்பு. பாடம் சொல்ல ஆளில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஆனால், பகலெல்லாம் செங்கல் அறுப்பவனுக்கு இரவில் புத்தகத்தைத் திறந்துகாட்ட ஒருவர் வேண்டாமா? இடைநின்ற பெண்களுக்குக் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்னும் உறைவிடப் பள்ளிகள் உள்ளன. அவற்றில் சேர்ந்து மீண்ட மாணவியரை நான் அறிவேன். பதினாறு வயதுப் பையனுக்கு அப்படியோர் இடத்தைக் காட்ட என்னால் இயன்றதில்லை.

திண்டிவனத்தில் ஒன்றும் விழுப்புரத்தில் ஒன்றுமாக, உணவும் விடுதியும் மாலை வகுப்பும் கொண்ட இரண்டாம் வாய்ப்பு உயர்நிலைப் பள்ளிகளை அரசு தொடங்கலாம். தேர்வு முடிவு வந்த அன்றே தவறியவர்களின் பட்டியல் தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. அவர்கள் பேருந்து ஏறுவதற்குச் சில நாள்களே உள்ளன.