இலக்கணக்காரரும் தாது வருஷப் பஞ்சமும்

கால்டுவெல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 1856-ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். மெரினாவில் ஒரு சிலை. அவ்வளவுதானே? ஆனா இடையன்குடிப் பக்கம் போனா அவர் வேற ஆள்.

1814-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838-ல் சென்னைக்குக் கப்பலில் வந்தார். 1841-ல் நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குப் போய், அதையே சொந்த ஊராக்கிக்கொண்டார்.

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். அரசாங்க வேலை முகாமில் நாள் முழுக்க மண் சுமந்தவருக்கு ஒரு கட்டத்தில் கிடைத்தது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும்தான். யோசிச்சுப் பாருங்க!

1877-ல் கால்டுவெல் பிஷப் ஆனார். வயசு 62. அந்த வயசிலும் நிவாரண வேலையில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த நன்கொடை, சபையில் இல்லாத பசித்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக மாறினாங்கன்னு பேச்சு கிளம்பியது. அந்தக் கேள்வியை நாம ஒதுக்கிவிட முடியாது. வந்தவர்கள் எல்லாரும் உயர்ந்த நோக்கத்தோடு வரவில்லைன்னு கால்டுவெல்லே ஒப்புக்கொண்டார். அதுக்காக அவர் கதவைச் சாத்தவில்லை.

1891-ல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வெள்ளத்தில் நீங்களும் சாப்பாட்டுப் பொட்டலம் தூக்குவீங்க. வாங்குறவர் உங்களுக்குக் கடன்பட்டதா நினைக்காம சாப்பிட முடியுமா? அதை மட்டும் ஒருமுறை கேட்டுக்கோங்க.