ரத்தத்தில் துப்புத் தேடிய டாக்டர்

நோபல் பரிசு பெற்ற ஹக்கின்ஸ் வாழ்க்கை

ஒரு துளி ரத்தத்தைப் பார்த்து, இவருக்குப் புற்று நோய் உண்டு, இவருக்கு இல்லை என்று சொல்லி விட முடியுமா?

முடியும் என்று நம்பி முயன்றவர்களில் ஒருவர், டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். ரத்தப் பரிசோதனை ஒரு முறை அவருக்குப் பெரிய வெற்றியைத் தேடிக் கொடுத்தது. இன்னொரு முறை கையை விரித்து விட்டது.

புதிய துறை

ஹக்கின்ஸ் 1901-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, கனடா நாட்டில் ஹாலிபாக்ஸ் நகரில் பிறந்தார். 19 வயதிலேயே பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, 1924-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சிறுநீர் சம்பந்தமான நோய்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அது அவருக்குப் புதிய துறை. புத்தகங்களை வைத்துக் கொண்டு தாமே படித்துத் தேறினார்.

நாய்கள் காட்டிய வழி

ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் பிராஸ்டேட். வயதானவர்களுக்கு அதில் புற்று நோய் வருவது உண்டு. முற்றினால் எலும்புக்குப் பரவும். வலி தாங்க முடியாது.

நாய்களுக்கும் இந்தச் சுரப்பி உண்டு. முதுமையில் அதில் கட்டியும் வரும். ஆண்மைக்குரிய ஹார்மோன்தான் சுரப்பியை வளர்க்கிறது என்று நாய்களை ஆராய்ந்த ஹக்கின்ஸ் கண்டார். ஹார்மோனைத் தடுத்தால் கட்டி சுருங்கியது.

மனிதருக்கும் அப்படி நடக்குமா? உடம்புக்குள் நடப்பதை எப்படி அறிவது?

ரத்தம் கை கொடுத்தது. பிராஸ்டேட் புற்று நோய் பரவியவர்களின் ரத்தத்தில், ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற பொருள் மிகுதியாக இருப்பதை 1938-ல் வேறு டாக்டர்கள் கண்டிருந்தார்கள். ஹக்கின்ஸ் அதை அளந்து பார்த்தார். ஆபரேஷன் செய்து ஹார்மோனைத் தடுத்ததும் அளவு இறங்கியது. ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தியதும் ஏறியது!

1941-ல் இந்த முடிவை வெளியிட்டார். வலியால் படுத்துக் கிடந்த பலர் எழுந்து நடமாடினார்கள். நோய் அடியோடு ஒழியவில்லை. பலருக்குத் திரும்பவும் வந்தது. ஆனாலும் வலியில்லாத நாட்கள் கிடைத்தன.

ஏமாற்றம்

அடுத்து, எல்லாப் புற்று நோயையும் காட்டிக் கொடுக்கும் ஒரு பரிசோதனையை 1949-ல் அறிவித்தார். ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரைச் சூடாக்கினால், முட்டையின் வெள்ளைக் கரு போல இறுகும். புற்று நோயாளிகளின் ரத்த நீர் சரியாக இறுகவில்லை.

ஆனால் வேறு நோய் உள்ளவர்களின் ரத்த நீரும் அப்படியே நடந்து கொண்டது. பரிசோதனை கைவிடப்பட்டது.

முதல் முயற்சி ஏன் வென்றது? அங்கே, இன்ன நோய் என்று முன்பே தெரியும். அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை மட்டுமே ரத்தம் சொன்னது. இரண்டாவது முயற்சியில், நோய் இருக்கிறதா என்றே ரத்தத்தைக் கேட்டார்கள். அதற்கு ரத்தத்தால் உறுதியான பதில் சொல்ல முடியவில்லை.

ஆசிட் பாஸ்பட்டேசுக்கும் இந்தக் குறை உண்டு. நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கி இருக்கும் வரை, பலருக்கு அதன் அளவு ஏறுவதே இல்லை.

ஹக்கின்சுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெய்டன் ரவுஸ் என்ற விஞ்ஞானியுடன் அதைப் பகிர்ந்து கொண்டார். 1997 ஜனவரி 12-ந் தேதி, 95-வது வயதில் சிகாகோவில் காலமானார்.

இன்றும் அதே கதை

1980-களில் பி.எஸ்.ஏ. என்ற புதிய ரத்தப் பரிசோதனை வந்தது. சுரப்பி வெறுமனே வீங்கினாலும், புண்பட்டாலும் பி.எஸ்.ஏ. ஏறும். புற்று நோய் இருந்தும் ஏறாமல் இருப்பதும் உண்டு. ஆகவே டாக்டர்கள், சதையில் சிறு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தே முடிவு சொல்கிறார்கள்.

ரத்தத்தில் எண் ஏறி விட்டது என்று இடிந்து போக வேண்டாம். எண் சரியாக இருக்கிறது என்று உடம்பில் உள்ள தொல்லையை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.