ராமானுஜனுக்கு வந்தது டிபிதானா? ஒரு நோய்ப் பெயரும் மூன்று ஆண்டுகளும்

ஆறு மாத மாத்திரை முடிந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. ஆனாலும் வாழப்பாடியில் பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்குது. பாக்கு உரிக்கிற களத்துப் பக்கம் போனால் இருமல் நிற்பதில்லை. மறுபடி டிபி வந்துடுச்சோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

டிபி குணமான பலருக்கு இந்த அனுபவம் உண்டு. இருமலும் காய்ச்சலும் இருந்தால் அது டிபிதான் என்று முடிவு கட்டுவதில் என்ன ஆபத்து? நம்ம பக்கத்து ஆள் ஒருவரின் வாழ்க்கையே அதற்கு உதாரணம்.

கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அம்மா கோமளத்தம்மாளின் குடும்பத்துக்கு நாமக்கல் நாமகிரித் தாயார்தான் எல்லாம். கடல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த காலம் அது. நாமக்கல் போய் தாயாரிடம் உத்தரவு வாங்கிய பிறகுதான் அவர் கப்பல் ஏறினார் என்று சொல்வார்கள். 1914 மார்ச் 17-ல் சென்னையில் இருந்து நெவாசா என்ற கப்பலில் கிளம்பினார்.

இதற்கு முன்பே அவர் உடம்பு ஒரு தடவை படுத்தியிருந்தது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது கடுமையான சீதபேதி வந்து ஊர் திரும்பினார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்பிரிட்ஜில் ஹார்டியுடன் சேர்ந்து அவர் செய்த கணக்குகள் உலகத்துக்கே தெரியும். அவர் எப்படிச் சாப்பிட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. சுத்த சைவம், சொந்தச் சமையல், நேரம் காலம் இல்லாத வேலை. போதாததற்கு முதல் உலகப் போர் வந்து, காய்கறிக்கே பஞ்சம். 1917-ல் காய்ச்சல், வலி, எடை குறைவு என்று படுத்துவிட்டார். டாக்டர்கள் முதலில் வயிற்றுப் புண் என்றார்கள், பிறகு டிபி என்றார்கள். நடுவில் ஒருவருக்குப் புற்றுநோய் சந்தேகம்கூட வந்தது. கடைசியில் ஒட்டிக்கொண்ட பெயர் டிபி.

அப்போது டிபிக்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. ஓய்வு, நல்ல சாப்பாடு, திறந்த ஜன்னல் வழியே வரும் குளிர்காற்று, இதுதான் சிகிச்சை. மெண்டிப் மலை சானடோரியத்தில் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் சௌரி முத்து என்ற நம்ம ஊர் டாக்டர். பிறகு மேட்லாக் என்ற இடத்தில் பல மாதங்கள். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்தவர், இங்கிலாந்துக் குளிரில் தனியாக, வாய்க்குப் பிடிக்காத சாப்பாட்டோடு கிடந்தார். 1918 தொடக்கத்தில் லண்டனில் ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை விடவும் முயன்றார். அதே ஆண்டுதான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும் டிரினிட்டி கல்லூரி ஃபெலோஷிப்பும் கிடைத்தன.

1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் கொஞ்ச காலம் தங்கவைத்தார்கள். பிறகு கும்பகோணம், கடைசியில் சென்னை. வலி வரும்போதெல்லாம் மனைவி ஜானகி நெஞ்சிலும் காலிலும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். அந்த நிலையிலும் 1920 ஜனவரியில் புதுவகைச் சார்புகள் பற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய மருத்துவக் குறிப்புகளையும் கடிதங்களையும் தோண்டிப் பார்த்து வேறொரு முடிவுக்கு வந்தார். ராமானுஜனுக்கு இருந்தது கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருக்கலாம் என்பது அவர் வாதம். சீதபேதியைக் கிளப்பும் அமீபா குடலில் பல வருஷம் பதுங்கி இருந்துவிட்டு, பிறகு கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கலாம். விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும், உடம்பு இளைக்கும். கட்டி மேலே அழுத்தினால் வலது நுரையீரலின் அடிப்பகுதியும் அழற்சியாகி இருமல் வரும். பார்க்கிறவருக்கு நெஞ்சு நோய் மாதிரியே தெரியும். இதை இனி பரிசோதித்து உறுதி செய்ய வழியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மனதை அறுக்கும் விஷயம் வேறு. டிபிக்கு மருந்து இல்லாத அந்தக் காலத்திலேயே அமீபாவுக்கு மருந்து இருந்தது. எமெட்டின் ஊசியின் பலனை லியோனார்ட் ரோஜர்ஸ் 1912-லேயே கல்கத்தாவில் காட்டிவிட்டார்.

இனி வாழப்பாடிக்கு வருவோம். டிபி கிருமி செத்தாலும் அது கிளப்பிய அழற்சி நுரையீரலில் தழும்பை விட்டுப் போகும். மூச்சுக்குழாய்கள் அகன்று சளி தேங்கலாம், அல்லது சுருங்கி வீசிங் வரலாம். பழைய குழிக்குள் பூஞ்சை குடியேறி ரத்தமாகவும் துப்ப வைக்கலாம். எக்ஸ்ரேவில் பழைய தழும்பும் புது டிபியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். எக்ஸ்ரேவை மட்டும் வைத்து மறுபடி டிபி மாத்திரை ஆரம்பிப்பது சரியான வழி இல்லை. சளிப் பரிசோதனை வேண்டும். அதிலும் ஜீன் சோதனை செத்த கிருமியைக்கூடக் காட்டிவிடும் என்பதால், ஏற்கனவே டிபி வந்தவருக்குக் கல்ச்சர் அவசியம்.

கிருமி இல்லை என்றால் சிகிச்சையின் பாதையே வேறு. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை, தேவைப்பட்டால் இன்ஹேலர், சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி, புது தொற்று வந்தால் ஆன்டிபயாடிக், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி. பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும், தூசியில் முகக்கவசம் கட்ட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு நாளைக்கு சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, தூங்கும் டிபியை எழுப்பிவிடலாம். டாக்டர் காரணத்தோடு எழுதினால் மட்டும் எடுங்கள். சிகிச்சை முடிந்த பின்னும் இரண்டு ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தேசிய டிபி திட்டமே சொல்கிறது. நம்மில் பலர் மாத்திரை முடிந்த அன்றோடு அந்தப் பக்கம் போவதில்லை.

ராமானுஜனைக் கவனித்த அதே சௌரி முத்துதான் 1928-ல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். 1956-ல் ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில் டிபி ஆராய்ச்சி மையம் ஒன்று வந்தது. வீட்டில் இருந்தபடி மாத்திரை எடுத்தாலே போதும், சானடோரியம் தேவையில்லை என்று உலகத்துக்கு நிரூபித்தது அந்த மையம்தான். ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, நீண்ட காலம் வாழ்ந்தார். யங்கின் கட்டுரை வெளியான அதே 1994-ல்தான் அவரும் காலமானார்.