ஒரு கையால் ஆற்றை அளந்தவர்

இன்று நாம் விரித்துப் பார்க்கும் நிலப்படங்களில் மலைகளும் ஆறுகளும் ஊர்களும் நெருங்கிக் காணப்படுகின்றன. விரல் வைத்த இடமெல்லாம் ஏதேனும் ஒரு பெயர் இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படம் இவ்வாறு இருக்கவில்லை. அதன் தென்மேற்குப் பகுதியில் பெரும்பரப்பு ஒன்று எழுத்தேதும் இன்றி வெறுமையாக விடப்பட்டிருந்தது. கொலராடோ ஆறு அவ்வெற்றிடத்தினூடே ஓடிற்று. அஃது எங்கே வளைகிறது, எங்கே பாறைகளில் மோதி வீழ்கிறது என்பதைப் படம் வரைந்தோர் அறிந்திலர். பன்னெடுங் காலமாக அங்கு வாழ்ந்த பழங்குடி மக்கள் அந்நிலத்தின் வழிகளையும் நீர்நிலைகளையும் நன்கு அறிந்திருந்தனர். ஆனால், அவர்களிடம் கேட்டறிய முயன்றோர் மிகச் சிலரே. அவ்வெற்றிடத்தை அளந்து நிரப்பிய பெருமை ஒரு கையை இழந்த மனிதர் ஒருவரைச் சாரும். அவரே ஜான் வெஸ்லி பவல்.

பவல் 1834ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் நியூயார்க்கு மாநிலத்தில் உள்ள மவுண்டு மாரிசு என்னும் ஊரில் பிறந்தார். இங்கிலாந்திலிருந்து குடியேறிய அவருடைய தந்தையார் ஒரு சமயப் போதகர். அடிமை முறையை வன்மையாக எதிர்த்தவர். பின்னர் அக்குடும்பம் ஒகையோ மாநிலத்திற்குச் சென்றது. அடிமை முறையை ஆதரித்தோர் பலர் வாழ்ந்த அவ்வூரில், தந்தையின் கொள்கைக்காகச் சிறுவன் ஜான் பள்ளிப் பிள்ளைகளிடம் கல்லடி பட்டான். எனவே, தந்தையார் அவனைப் பள்ளியினின்றும் நீக்கி, சார்ச்சு குரூக்கம் என்னும் முதிய நண்பரிடம் ஒப்படைத்தார். அவர் உழவர்; இயற்கையை ஆராய்வதில் தணியாத வேட்கை கொண்டவர். அம்முதியவருடன் காடும் ஓடையும் சுற்றித் திரிந்து, செடிகளையும் கற்களையும் நேரிற்கண்டு பயின்றதே பவலின் உண்மையான கல்வியாயிற்று.

இளமையில் அவர் மேற்கொண்ட பயணங்களும் அக்கல்வியின் தொடர்ச்சியே. 1856ஆம் ஆண்டில் சிறு படகொன்றில் மிசிசிப்பி ஆற்றின் வழியே கடல்வரை சென்றார். அடுத்த ஆண்டு ஒகையோ ஆற்றில் சென்றார். வழியெங்கும் கிளிஞ்சல்களையும் பாறைத் துண்டுகளையும் திரட்டினார்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறை ஒழிய வேண்டும் என்று விரும்பிய பவல் வடபுலப் படையில் எளிய போர்வீரராகச் சேர்ந்து, விரைவிலேயே பீரங்கிப் பிரிவொன்றின் தலைவரானார். 1862ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் சைலோ என்னுமிடத்தில் கடும்போர் நிகழ்ந்தது. சுடுமாறு குறிப்புக் காட்டுவதற்காக அவர் வலக் கையை உயர்த்திய வேளையில் துப்பாக்கிக் குண்டு ஒன்று அதனைத் துளைத்தது. முழங்கைக்குக் கீழே கையை வெட்டி நீக்க வேண்டியதாயிற்று. அவருடைய மனைவி எம்மா உடனிருந்து பேணினார். புண் ஆறியதும் பவல் மீண்டும் போர்க்களம் புகுந்து, போர் முடியும் தறுவாய்வரை பணியாற்றினார். வெட்டுண்ட இடத்தில் எழுந்த வலி மட்டும் வாழ்நாள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

போருக்குப் பின் இல்லினாய்சு மாநிலத்தில் நிலநூற் பேராசிரியராக அமர்ந்தார். வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் கற்பிப்பது அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1867ஆம் ஆண்டு முதல் மாணவர்களையும் நண்பர்களையும் இராக்கி மலைகளுக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ஆண்டு, 14,000 அடிக்கு மேல் உயர்ந்த இலாங்சு சிகரத்தில் அவர் குழுவினர் ஏறினர். அம்மலைகளின்மேல் நின்று நோக்கியபோது, மேற்கே பாலை நிலத்தைப் பிளந்துகொண்டு ஓடும் ஆறுகளின் போக்கைக் கண்டறிய வேண்டும் என்னும் எண்ணம் அவருள் உறுதி பெற்றது.

1869ஆம் ஆண்டு மே திங்கள் 24ஆம் நாள், வயோமிங்கில் உள்ள கிரீன் ஆற்றங்கரையிலிருந்து நான்கு படகுகளில் பதின்மர் புறப்பட்டனர். பவலைத் தவிர எஞ்சியோரில் பெரும்பாலோர் வேட்டையாடுவோரும் முன்னாள் போர்வீரரும் ஆவர். பத்துத் திங்களுக்குப் போதுமான உணவுப் பொருள்கள் படகுகளில் இருந்தன. கிரீன் ஆறு கொலராடோவுடன் கலப்பது. அதன் வழியே சென்றால் பெருமலையிடுக்கின் அடிவரை செல்லலாம். ஆனால், அவ்விடைவெளியில் ஆறு ஏறத்தாழ 5,000 அடி கீழிறங்குகிறது. அவ்விறக்கம் சிறு சிறு படிகளாக அமைந்துள்ளதா, கடத்தற்கரிய அருவிகளாக அமைந்துள்ளதா என்பது எவருக்கும் தெரியாது.

இரு வாரங்கள் கழிந்தன. உலோடோர் என்னும் மலையிடுக்கில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த மூவரும் அரிதின் உயிர் தப்பினர். உணவில் பெரும்பங்கு ஆற்றோடு போயிற்று. ஆயினும், அன்றிரவு பவலை உறங்கவிடாமல் வருத்தியது உணவின் இழப்பன்று. காற்றழுத்தமானிகள் அனைத்தும் அப்படகில் இருந்தமையேயாம். காற்றின் அழுத்தத்தைக் கொண்டு ஓரிடத்தின் உயரத்தைக் கணிப்பதற்கு அவையே கருவிகள். அவை இல்லையேல் ஆற்றில் பயணம் செய்யலாம். ஆனால், ஆற்றை அளக்க இயலாது. மறுநாள் உடைந்த படகின் ஒரு பகுதி பாறையில் தங்கி நிற்கக் கண்டு, வீரர் இருவர் வெள்ளத்தில் சென்று அக்கருவிகளை மீட்டனர்.

நாள்தோறும் பவல் மலையிடுக்கின் சுவர்களில் ஏறுவார், உயரத்தை அளப்பார், பாறை அடுக்குகளை ஆராய்வார். ஒரு கை உடையவர்க்கு இஃது எளிய செயலன்று. ஒருநாள் செங்குத்தான பாறையில் இடக் கையால் பற்றித் தொங்கிய நிலையில், மேலேறவும் கீழிறங்கவும் முடியாமல் தவித்தார். மேலே நின்ற பிராடுலி என்னும் தோழரிடம் கயிறு இல்லை. அவர் சற்றும் தயங்காமல் தம் நீண்ட உள்ளாடையைக் கழற்றித் தொங்கவிட்டார். பவல் பாறையை விட்டு அதனைப் பற்றினார், தோழர் தூக்கிவிட்டார்.

பாறைகளைக் கண்டு பவல் ஓர் உண்மையை ஊகித்தார். ஆறு மலையைத் தேடிச் சென்று பிளக்கவில்லை. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தபோது, ஏற்கெனவே அங்கு ஓடிய ஆறு தன் வழியை விடாமல் அறுத்துக்கொண்டே இருந்தது என்பது அவர் கருத்து. பிற்கால அறிஞர் இக்கருத்தின் சில பகுதிகளைத் திருத்தியுள்ளனர். ஆயினும், நீரும் நெடுங்காலமும் சேர்ந்து மலைகளையும் செதுக்க வல்லவை என்பதைப் பலர்க்கும் தெளிவுறுத்தியவர் அவரே.

ஆகஸ்டுத் திங்கள் நடுவில் அவர்கள் பெருமலையிடுக்கின் உள்ளே இருந்தனர். ஒருவர் முன்னரே விலகிவிட்டமையால் ஒன்பதின்மரே எஞ்சினர். மாவு பூசணம் பிடித்தது, பன்றியிறைச்சி கெட்டது, ஆடைகள் கந்தலாயின. 27ஆம் நாள் முன்னையவற்றினும் கொடிய விரைவோட்டம் ஒன்று எதிர்ப்பட்டது. ஓரமல் அவுலண்டு, அவர் தம்பி செனிகா, வில்லியம் டன் ஆகிய மூவரும் இனி ஆற்றில் செல்வது சாவைத் தேடுவதே எனக் கருதி, மலையேறிக் கரைவழியே செல்லத் துணிந்தனர். அன்றிரவு பவல் விண்மீன்களை அளந்து கணக்கிட்டார். வர்சின் ஆறு வந்து கலக்குமிடம் நேர்கோட்டில் ஏறத்தாழ 45 மைல் தொலைவே எனக் கண்டார். கணக்கு நம்பிக்கை தந்தது; எனினும், எட்டு உயிர்களின் பொறுப்பு அவர் நெஞ்சை அழுத்தியது. மணற்பரப்பில் விடியும்வரை உலாவினார். பணியை முடிவின் அருகில் கைவிடலாகாது என்று இறுதியில் உறுதி கொண்டார்.

மறுநாட் காலையில் இரு சாராரும் கண்ணீரோடு பிரிந்தனர். ஒருவர் மற்றவரைச் சாவின் வாயிலுக்குச் செல்பவராகவே எண்ணினர். பவலும் ஐவரும் இரண்டு படகுகளில் விரைவோட்டத்தைக் கடந்து, மூவரும் தொடர்ந்து வருவர் என்று துப்பாக்கி ஒலி எழுப்பிக் காத்திருந்தனர், அவர்கள் வரவில்லை. அடுத்த நாளே மலையிடுக்கு முடிந்து, வெளி நிலம் தோன்றியது. 30ஆம் நாள் வர்சின் ஆற்றின் முகத்துவாரத்தில் சிலர் மீன் பிடித்துக்கொண்டிருந்தனர். பயணக் குழுவினரின் உடல்களோ படகின் சிதைவுகளோ மிதந்து வருமா என்று பார்த்திருக்குமாறு பணிக்கப்பட்டவர்கள் அவர்கள்! பிரிந்து சென்ற மூவரோ மேட்டுநிலத்தில் கொல்லப்பட்டனர். அவர்களைக் கொன்றவர் யாவர் என்பது ஐயத்திற்கு இடமின்றி இதுவரை நிறுவப்படவில்லை.

பவல் ஒரே இரவில் நாடறிந்த வீரரானார். அப்புகழோடு அவர் அமைந்துவிடவில்லை. முதற் பயணத்தில் குறிப்புகள் பல இழக்கப்பட்டமையால், 1871இல் மீண்டும் அதே ஆற்றில் இறங்கினார். அவருடைய மைத்துனர் தாம்சன் நில அளவையை முன்னின்று நடத்தினார். படத்தில் இருந்த வெற்றிடம் நிரம்பியது. அந்நிலத்து மக்களின் மொழிகளையும் கதைகளையும் பவல் ஆர்வத்தோடு திரட்டினார். ஆயுதமின்றித் தம்மிடையே வந்து தங்கிய அவரைப் பையூட்டு மக்கள் கையற்றவர் என்னும் பொருள்படக் காபுராட்சு என அழைத்தனர். 1879இல் தோன்றிய மக்களின ஆய்வு நிலையத்தை இறுதிவரை நடத்தியவர் அவரே. எனினும், பழங்குடியினரை ஒதுக்கப்பட்ட நிலங்களில் குடியமர்த்துவதே நன்று என்று அவரும் கருதினார்; அக்காலத்தின் குறையினின்று அவரும் விடுபட்டாரல்லர்.

1878ஆம் ஆண்டில் வறண்ட நிலங்களைப் பற்றி அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். அக்காலத்தில் மேற்கு நோக்கிக் குடியேறுவோர்க்கு அரசு 160 ஏக்கர் நிலம் வழங்கி வந்தது. உழுத இடத்தில் மழை தானே பெய்யும் என்று நில வணிகர் பறைசாற்றினர். பவல் அளந்து கண்டதோ வேறு. ஏறத்தாழ 100ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே ஆண்டு மழை 20 அங்குலத்திற்கும் குறைவு. பாசனம் இன்றி அங்கே பயிர் விளையாது. உள்ள நீரோ நிலத்தில் ஒரு சிறு பகுதிக்கே போதும். பாசன நிலத்திற்கு 80 ஏக்கரும் மேய்ச்சல் நிலத்திற்கு 2,560 ஏக்கரும் வேண்டும் என்றும், ஆற்று வடிநிலங்களையொட்டி மக்கள் கூடி நீரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் எடுத்துரைத்தார். கேட்பார் இல்லை. 1881 முதல் நில ஆய்வுத் துறையின் தலைவராக இருந்து பாசன அளவை ஒன்றைத் தொடங்கினார். அளவை முடியும்வரை நில விற்பனை தடைப்பட்டமையால் செல்வாக்குடையோர் சினந்தனர். 1890இல் அதற்கான பணம் நிறுத்தப்பட்டது.

1893ஆம் ஆண்டு இலாசு ஏஞ்சலிசு நகரில் பாசன மாநாடு கூடியது. நீர் நிலைகளும் கால்வாய்களும் பெருகிப் பாலை முழுதும் சோலையாகும் என்னும் உற்சாகத்தில் அவை திளைத்தது. பவல் எழுந்தார். எல்லா நிலத்திற்கும் போதிய நீர் இல்லை என்றும், எதிர்காலப் பூசலுக்கே அவர்கள் வழிதேடுகின்றனர் என்றும் கூறினார். அவையோர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். ஆற்றின் ஆரவாரத்திற்கு அஞ்சாத அவர் அவையின் ஆரவாரத்திற்கும் அஞ்சவில்லை. சொல்லியதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அடுத்த ஆண்டு நில ஆய்வுத் துறைத் தலைமையினின்றும் விலகினார். 1902ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23ஆம் நாள் மெயின் மாநிலத்தில் இயற்கை எய்தினார். அவர் உடல் ஆர்லிங்டன் வீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் சொல் பொய்க்கவில்லை. 1930களில் மழை பொய்த்தபோது, உழப்பட்ட சமவெளிகளின் மண் புழுதிப் புயலாய் எழுந்து, எண்ணற்ற குடும்பங்களை ஊரை விட்டுத் துரத்தியது. 1922இல் ஏழு மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், கொலராடோவில் உண்மையில் ஓடுவதினும் மிகுதியான நீரைக் கணக்கிட்டுப் பங்கிட்டது; அதனால் எழுந்த பூசல் அந்நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட கிளென் மலையிடுக்கு அணையின் பின்னே தேங்கிய பெரிய நீர்த்தேக்கத்திற்குப் பவலின் பெயரையே இட்டனர். 2022ஆம் ஆண்டில் அத்தேக்கம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக வற்றியது. நீர் போதாது என்று எச்சரித்தவரின் பெயரைத் தாங்கிய ஏரியே அவர் கூற்றுக்குச் சான்றாயிற்று.

விரைவோட்டத்தில் படகைச் செலுத்துவதற்கு வீரம் வேண்டும். அளந்து கண்ட உண்மையை, அதனை விரும்பாதவர் நடுவில் எழுந்து நின்று கூறுவதற்கு அதனினும் பெரிய வீரம் வேண்டும். பவலிடம் இவ்விரண்டும் இருந்தன. உலகம் முதலாவதை அன்றே போற்றியது. இரண்டாவதன் அருமையை நீர் வற்றிய பின்னரே உணர்ந்தது.