மந்திரி குமாரி பார்த்தா பின்னாடி ஸ்பீக்கர் ஏன் பேச மாட்டேங்குது? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தின் கதை

ஹோம் தியேட்டர் வாங்கியாச்சு. ஸ்டிக்கை டிவியில சொருகியாச்சு. புதுப்படம் போட்டா ஹெலிகாப்டர் தலைக்குப் பின்னாடி பறக்குது. ஆனா அப்பாவுக்காக 'மந்திரி குமாரி'யோ 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமோ போட்டா, பின்னாடி இருக்கிற 2 ஸ்பீக்கரும் மூச்சு விட மாட்டேங்குது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று யோசிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் அது கோளாறே கிடையாது. அந்தப் படங்கள் பிறந்த விதம் அப்படி. அவை பிறந்தது சேலத்தில், ஏற்காடு மலை அடிவாரத்தில். பெற்றெடுத்தவர் டி.ஆர்.சுந்தரம்.

யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். 1907 ஜூலை 16-ல் பிறந்தவர். திருச்செங்கோடு இன்றைக்கு நாமக்கல் மாவட்டம். அன்றைக்கு சேலம் மாவட்டம். குடும்பத்துக்கு நூல் வியாபாரம். தறிச் சத்தம் கேட்காத தெருவே இல்லாத வட்டாரத்தில் இதில் ஆச்சரியம் இல்லை. மகன் ஜவுளித் தொழிலை முறையாகப் படிக்கட்டும் என்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். படிப்பு முடிந்தது. திரும்பி வரும்போது கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்து அழைத்து வந்தார்.

ஜவுளி படித்தவர் சினிமாவுக்கு எப்படி வந்தார்? சேலத்தில் அப்போது ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற நிறுவனம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வேலாயுதம் பிள்ளை நடத்திய அந்த நிறுவனத்தில் சுந்தரம் கூட்டு சேர்ந்தார். 'திரௌபதி வஸ்திராபஹரணம்', 'நல்லதங்காள்' மாதிரியான படங்கள் அந்தக் காலத்தில் வந்தவை.

அங்கேதான் அவர் ஒரு உண்மையைப் பிடித்தார். 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பித்துவிட்டது. ஆனா பேச வைக்கிற கருவிகள் பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும்தான் இருந்தன. நடிகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையல்காரர் எல்லோரையும் ரயிலேற்றி அங்கே கூட்டிப்போய், வாடகைக்கு ஸ்டூடியோ பிடித்து, மாசக்கணக்கில் தங்கி எடுக்க வேண்டும். சென்னையில் முதல் ஒலி ஸ்டூடியோ வந்ததே 1934 வாக்கில்தான். செலவில் பாதி பயணத்துக்கே போனால் இது என்ன தொழில்? நூல் வியாபாரி வீட்டுப் பிள்ளை கணக்குப் போட்டார். 1935-ல் சேலத்திலேயே 'மாடர்ன் தியேட்டர்ஸ்' தொடங்கினார்.

மில் மாதிரி ஓடிய ஸ்டூடியோ

ஏற்காடு சாலையில் எழுந்த அந்த வளாகத்துக்குள் படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் எல்லாம் இருந்தன. கதையோடு உள்ளே போனால் பெட்டியோடு வெளியே வரலாம். எழுத்தாளர், நடிகர், இசையமைப்பாளர் என்று பலரும் மாதச் சம்பளக்காரர்கள். நேரத்துக்கு வரணும், நேரத்துக்கு ஷாட் எடுக்கணும். சுந்தரத்தின் கண்டிப்பைப் பற்றி கோடம்பாக்கத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். லீட்ஸில் மில்லைப் பார்த்தவர் சேலத்தில் சினிமாவையும் மில் மாதிரியே நடத்தினார் என்பதுதான் அந்தக் கதைகளின் சுருக்கம்.

முதல் படம் 'சதி அகல்யா', 1937. அடுத்த வருஷமே ஒரு சரித்திரம். 1938 ஜனவரியில் வெளியான 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம். இயக்கியவர் எஸ்.நொட்டாணி. தயாரித்தது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாள சினிமா முதன்முதலாக வாய் திறந்தது கேரளாவில் இல்லை, நம்ம சேலத்தில்! ஆனா அந்தக் குரலை இன்று யாரும் கேட்க முடியாது. 'பாலன்' படத்தின் பிரதி எங்குமே இல்லை. எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் அது திரும்பி வராது.

1940-ல் 'உத்தம புத்திரன்'. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். 1945-ல் போர்க்காலப் படமான 'பர்மா ராணி'. அதில் ஜப்பானிய அதிகாரி வேஷத்தில் வந்தவர் சுந்தரமே தான். முதலாளி, இயக்குநர், வில்லன் என்று மூன்று வேலையையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார்.

ஒரே மைக், ஒரே கோடு

அன்றைய ஒலி எப்படிப் பதிவானது என்று தெரிந்தால் பின் ஸ்பீக்கர் மர்மம் விளங்கிவிடும். மைக்கில் விழுந்த குரல் மின்சாரமாக மாறும். அது ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும். அந்த ஒளி பிலிம் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதியும். தியேட்டரில் அந்தக் கோட்டின் வழியாக ஒரு விளக்கொளி பாய்ந்து, மறுபடியும் சத்தமாக மாறும். ஆக இருந்தது ஒரே ஒரு ஒலித்தடம்தான். இதைத்தான் 'மோனோ' என்கிறோம். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர், முன்னால் சனம். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்தவருக்கும் அதே சத்தம், பெஞ்சில் உட்கார்ந்தவருக்கும் அதே சத்தம். இடது, வலது, பின்பக்கம் என்று பிரித்து எதுவும் பதிவாகவே இல்லை.

அந்த ஒரு கோட்டில்தான் எல்லாமே இருந்தது. ஆரம்ப காலத்தில் நடிகரே பாடி நடிக்க வேண்டும், வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் ஒளிந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். 1938-ல் 'நந்தகுமார்' படத்தோடு தமிழில் பின்னணிப் பாடல் வந்தபிறகுதான் அந்த அவஸ்தை மெல்லக் குறைந்தது.

1950-ல் 'மந்திரி குமாரி' வந்தபோது இந்த ஒற்றைக் கோட்டின் பலம் முழுசாகத் தெரிந்தது. குண்டலகேசிக் கதையை ஒட்டி மு.கருணாநிதி எழுதிய நாடகம், அவர் வசனத்தோடு படமானது. நாயகன் எம்.ஜி.ஆர். இயக்கத் தொடங்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன். அவர் பாதியில் கிளம்ப, மீதியை முடித்தவர் சுந்தரம். ஜி.ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையுச்சிப் பாட்டு இன்றைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரை வந்துவிட்டது. ஆனா அன்று கொட்டகையைக் கட்டிப்போட்டது வசனம். அரசியல் மேடையில் பேசுவதைத் திரையில் பேசிய படம் அது. ஒரு சொல் மங்கினாலும் படத்தின் பாதி போச்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வரவேற்பறைக்கு வருவோம்.

சரி, உங்க வீட்டில் என்ன செய்யணும்?

முதலில் ஒரு புதுப்படம் போட்டு, ரிசீவர் அல்லது சவுண்ட்பார் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். டால்பி என்று காட்டினால் 5.1 வந்து சேர்கிறது. 5.1 இருக்கிற புதுப்படத்துக்கே பிசிஎம் அல்லது ஸ்டீரியோ என்று காட்டினால், வழியில் எங்கேயோ 2 தடமாகச் சுருங்குகிறது. பெரும்பாலும் குற்றவாளி டிவியின் ஆடியோ அவுட்புட் செட்டிங். அதில் பிசிஎம் இருந்தால் ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூ என்று மாற்றுங்கள். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கிலும் இதே மாதிரி ஒரு செட்டிங் உண்டு, அதையும் பாருங்கள். எச்டிஎம்ஐ ஒயர் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பழைய ஆப்டிகல் ஒயர் என்றால், பல ஓடிடி ஆப்கள் அனுப்புகிற டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் அப்படியே போகாது. டிவியோ ஸ்டிக்கோ அதைச் சாதாரண டால்பியாக மாற்றித் தரணும், இல்லாவிட்டால் வெறும் ஸ்டீரியோதான் கிடைக்கும். ஆப்பில் ஆடியோ மெனுவில் 5.1 தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கவும் மறக்க வேண்டாம்.

புதுப்படம் சரியாகப் பேசுது, சேலத்துப் படத்துக்கு மட்டும் பின்பக்கம் அமைதி என்றால் எதையும் தொடாதீர்கள். ஆப்பிலிருந்து அந்தப் படம் 2 தடமாக வந்தாலும் இரண்டிலும் ஒரே சத்தம்தான் இருக்கும். ரிசீவரின் சரவுண்ட் மோடு இரண்டும் ஒன்று என்று கண்டுபிடித்து, மொத்தத்தையும் நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அதாவது, திரைக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய ஸ்பீக்கர் இடத்துக்கு! மெஷின் தப்பு பண்ணவில்லை.

பலர் பண்ணுகிற தப்பு என்னவென்றால், காசு கொடுத்து வாங்கிய 5 ஸ்பீக்கரும் கத்தணும் என்று 'ஆல் சேனல் ஸ்டீரியோ' மோடைப் போடுவது. அதே வசனம் முன்னாலும் பின்னாலும் துளி நேர வித்தியாசத்தில் காதில் விழும். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். கருணாநிதி வசனத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

படம் ஓடுது, குரலே கேட்கல என்றால் நடு ஸ்பீக்கரின் ஒயர் கழன்றிருக்கலாம். புதுப்படத்தில் இசையும் இரைச்சலும் மற்ற ஸ்பீக்கரில் வந்து அதை மறைத்துவிடும், மோனோ படம் உடனே காட்டிக்கொடுக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. மோடை வெறும் ஸ்டீரியோவுக்கு மாற்றி, நடுவில் உட்கார்ந்து கேளுங்கள். குரல் 2 முன் ஸ்பீக்கர்களுக்கும் சரியாக நடுவிலிருந்து வரணும். பாஸ் இல்லாமல் மெலிந்து, எங்கிருந்து வருதுன்னே தெரியாமல் பரவினால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறிப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

வண்ணமும் கடைசி வருஷங்களும்

ஒலியில் மட்டுமா? 1952-ல் ஹாலிவுட் ஆட்களோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம் எடுத்தார். ராட் கேமரன், சீசர் ரொமேரோ போன்ற அமெரிக்க நடிகர்கள் நடித்தார்கள். 1956 பொங்கலுக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. எம்.ஜி.ஆர், பானுமதி, கேவா கலர், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், இயக்கம் சுந்தரம். 1961-ல் 'கண்டம் பெச்ச கோட்டு'. மலையாளத்தின் முதல் வண்ணப் படமும் அவர் இயக்கியதே. பாரதிதாசன், கண்ணதாசன் என்று எழுத்தாளர்கள் பலர் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன.

1963 ஆகஸ்ட் 30-ல் சுந்தரம் காலமானார். வயது 56. மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி.சங்கர்' என்று ஜெய்சங்கரை வைத்து துப்பறியும் படங்களை ஓட விட்டார். ஆனா நடிகர்களும் லேப்களும் சென்னையில் குவிந்துவிட்ட பிறகு, சேலத்தில் தனியாக ஒரு கோட்டையை நடத்துவது கட்டுப்படியாகவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மூடியாச்சு. 70 எம்.எம். ஸ்டீரியோ ஒலியோடு ரஜினியின் 'மாவீரன்' வந்தது 1986-ல். டால்பி ஒலியோடு கமலின் 'குருதிப்புனல்' வந்தது 1995-ல். தியேட்டரின் பின்சுவர் பேச ஆரம்பித்தபோது சேலத்துத் தளங்களில் விளக்கு அணைந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

தளங்களும் லேபும் இருந்த இடம் இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு சாலையோரம் நிற்கிறது. மலை ஏறுகிற சுற்றுலாக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.