பைண்டிங் கடைப் பையனும் புதன்கிழமைக் கூட்டமும்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை)

நம் மெஷின்ஸ் லேபில் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு படம் தொங்கும். நடுவகிடு எடுத்த சுருள்முடி, கழுத்தில் கறுப்புப் பட்டி. கீழே மைக்கேல் பாரடே, 1791 - 1867 என்று யாரோ பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷமாக அந்தப் படத்துக்குக் கீழேதான் நானும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வைவாவில் கேட்டால் சொல்வதற்கு அவருடைய இரண்டு விதிகள் தெரியும். அதுக்கு மேலே கேட்டா முழிப்பேன்.

இந்த வருஷம்தான் அவரை உண்மையாகப் படித்தேன். படிக்க வைத்தது மின்சாரம் அல்ல நண்பர்களே, நம் சனிக்கிழமைக் கூட்டம்!

அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். போன வருடம் சென்னையில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்திய ஒரு நாள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பஸ் செலவுக்கு அக்கா தன் தையல் காசிலிருந்து 400 ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்க எழுதினேன். லினக்ஸ், பைத்தான், சர்க்யூட் வரையும் கிகேட் என்று எல்லாவற்றையும் என்னைவிட இரண்டு வயது மூத்த பையன்களும் பெண்களும் தமிழிலேயே விளக்கிக் கொண்டிருந்தார்கள். நிரலின் மூலத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998லேயே தொடங்கிவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது. நாமும் ஒன்று தொடங்கினால் என்ன என்று தோன்றியது.

தொடங்கினோம். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய முதல் வாரம் 23 பேர். இரண்டாம் வாரம் 14. ஐந்தாம் வாரம் நான்கு பேர். அதில் ஒருவர் லேப் சாவியை வைத்திருப்பவர், அவர் வந்துதான் ஆக வேண்டும். அன்றைக்கு நான் பேச வேண்டிய முறை. எழுந்து நின்றேன். நாலு பேர் முன்னாடி நாக்கு ஒட்டிக்கிச்சு. தலைவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று பேரவைக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்தேன்.

கடிதத்தைக் கொடுக்கப் போன அன்று பேரவைச் செயலாளர் இல்லை. நூலகத்தில் காத்திருந்தபோது கையில் அகப்பட்டதுதான் பாரடேயின் வாழ்க்கை வரலாறு.

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனின் தெற்குப் புறத்தில் நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போய்விடும். 1801ல் பஞ்சம் வந்தபோது ஒரு ரொட்டியைக் கொடுத்து வாரம் முழுதும் வைத்துக்கொள் என்று சொன்ன வீடு அது. எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு. பள்ளிக்கூடம் அத்தோடு சரி. 1804ல் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பேப்பர் போடும் பையனாகச் சேர்ந்து, மறு வருடம் அங்கேயே ஏழு வருட பைண்டிங் அப்ரண்டிஸ் ஆனார்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை இவர் தைத்ததோடு விடவில்லை, படித்தும் விட்டார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அப்படித்தான் கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அப்படித்தான். அந்தப் புத்தகத்துக்கே ஒரு கதை உண்டு. அந்த அம்மையார் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார், சரியாகப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து நண்பரோடு பேசித் தெளிந்து, தன்னைப் போன்ற பெண்களுக்குப் புரியட்டும் என்று எழுதினார். ஒரு கூட்டத்தில் பிறந்த புத்தகம் ஒரு பைண்டிங் பையனை இன்னொரு கூட்டத்துக்கு அனுப்பி வைத்தது என்றால் மிகையாகாது.

அந்தக் கூட்டம் எது? 1810ல் ஒரு நாள் பிளீட் தெரு பக்கம் நடந்து போகும்போது கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்தார். டார்செட் தெரு 53ம் எண் வீட்டில், ஜான் டேட்டம் என்பவர் இரவு 8 மணிக்கு இயற்கை விஞ்ஞானம் பற்றிப் பேசுவார், நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங் என்று இருந்தது. அப்ரண்டிஸ் பையன் கையில் ஷில்லிங் ஏது? கொல்லுப் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட் பல கூட்டங்களுக்குக் காசு கொடுத்தார். (இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.) ஒன்றரை வருடத்தில் ஒரு டஜன் சொற்பொழிவுகள் கேட்டார். குறிப்பு எழுதினார். கருவிகளின் படம் சரியாக வரவேண்டும் என்பதற்காக, ரீபோ வீட்டில் குடியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் வரையக் கற்றுக்கொண்டார்.

டேட்டம் வீட்டில் கூடியவர்கள் 1808லேயே ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். சிட்டி பிலசாபிகல் சொசைட்டி என்று பெரிய பெயர். உறுப்பினர்கள் என்னவோ முப்பது நாற்பது பேர்தான். பெரும்பாலும் சாதாரண வேலைக்காரர்கள். புதன்கிழமை தோறும் கூடுவார்கள். ஒரு புதன் தங்களுக்குள் விவாதம். மறு புதன் நண்பர்களையும் அழைத்துச் சொற்பொழிவு. வெளியிலிருந்து வித்வானைக் கூட்டிவருவது கிடையாது. முறை வைத்து உறுப்பினர்களே பேச வேண்டும். முறை வந்தும் பேசாதவருக்கு அரை கினி அபராதம்! அதாவது பத்தரை ஷில்லிங். தலைவலி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

1812ல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் வில்லியம் டான்ஸ் கொடுத்த டிக்கெட்டில் டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். அதே ஆண்டில் ஏழு அரைப் பென்னி நாணயம், ஏழு துத்தநாகத் தகடு, உப்புத் தண்ணீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டு ஆகியவற்றை அடுக்கித் தன் கையாலேயே ஒரு மின்கலம் செய்தார். டேவி பேசியதையெல்லாம் படங்களோடு 300 பக்கம் எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து, டிசம்பரில் டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். அதற்கு முன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதிப் பதிலே வரவில்லை. டேவி பதில் எழுதினார். 1813 மார்ச் 1 அன்று வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் இரண்டு அறை, விறகும் மெழுகுவத்தியும் சேர்த்து ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது.

பொதுவாக வாழ்க்கை வரலாறுகளில் இதோடு அந்தச் சின்னச் சங்கத்தை மறந்துவிடுவார்கள். பாரடே மறக்கவில்லை. வேலை கிடைத்த 1813லேயே, செயலாளராக இருந்த எட்வர்ட் மக்ரத் மூலமாக அதில் உறுப்பினரானார். இடையில் டேவியோடு ஐரோப்பா சுற்றியது, டேவியின் மனைவி இவரை வேலைக்காரன் மாதிரி நடத்தியது எல்லாம் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. திரும்பி வந்து 1816 ஜனவரி 17 அன்று அந்தச் சங்கத்தில்தான் தன் வாழ்க்கையின் முதல் சொற்பொழிவைச் செய்தார். பொருளின் பொதுப் பண்புகள் என்பது தலைப்பு.

இது தவிர அரை டஜன் நண்பர்கள் பாரடேயின் மாடி அறையிலோ மக்ரத்தின் இடத்திலோ மாலையில் கூடுவார்கள். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் உச்சரிப்பையும் வாக்கியத்தையும் திருத்துவார்கள். தாட்சண்யமே கிடையாது. இன்று நாம் எழுதிய நிரலை முகம் தெரியாத ஒருவர் வரி வரியாகப் பார்த்து, இது தப்பு என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதுகிறாரே, அதே மாதிரி. பேச்சைச் சரிசெய்ய 1818ல் ஸ்மார்ட் என்ற ஆசிரியரிடம் காசு கொடுத்தும் பாடம் கேட்டார். பேசும்போது வேகம் கூடிவிடும் என்பது அவர் குறை. அதனால் மெதுவாக என்று எழுதிய ஓர் அட்டையும், நேரம் என்று எழுதிய இன்னொன்றும் அவர் முன்னால் வைக்கப்படுமாம். உலகமே வாய் பிளந்து கேட்ட பேச்சாளரின் ரகசியம் ரெண்டு அட்டை!

ஒரு விஷயத்தில் பாரடே மேல் எனக்கு வருத்தம் உண்டு. 1821 செப்டம்பரில் மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். நாம் லேபில் ஓட்டும் மோட்டாருக்கெல்லாம் அதுதான் மூதாதை. ஆனால் அந்தத் திசையில் ஏற்கெனவே யோசித்துக் கொண்டிருந்த வோலஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் பெயரை அந்தக் கட்டுரையில் குறிப்பிடாமல் அவசரமாக வெளியிட்டுவிட்டார். திருடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. செய்து காட்டியது பாரடே என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் ஒரு வரி எழுதியிருக்கலாமே? கட்டற்ற மென்பொருளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக்கூடாது. 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டி உறுப்பினர் தேர்தலில் அவருக்கு எதிராக ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அந்தத் தேர்வை வெளிப்படையாக எதிர்த்து நின்றவர் தலைவராக இருந்த டேவியே. சுரங்கப் பாதுகாப்பு விளக்குக்குக் காப்புரிமையே வேண்டாம் என்று உலகத்துக்குக் கொடுத்த பெருந்தன்மையான மனுஷனுக்கு, தன் சிஷ்யன் விஷயத்தில் மனசு வரவில்லை.

அடி இன்னொரு பக்கத்திலிருந்தும் விழுந்தது. 1831 ஆகஸ்ட் 29 அன்று இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி மின்தூண்டலைக் கண்டார். அதுதான் இன்றைய டிரான்ஸ்பார்மர். நவம்பர் 24ல் ராயல் சொசைட்டியில் கட்டுரை படிக்கப்பட்டது. அது அச்சாகி வருமுன் பாரிஸில் இருந்த நண்பர் ஹாஷெட்டுக்கு ஆர்வத்தில் கடிதமாக எழுதிவிட்டார். அவர் அதை அங்கே அகாடமியில் படித்தார், பத்திரிகையில் வந்தது. இத்தாலியில் நோபிலியும் அந்தினோரியும் அதைப் பார்த்துச் சோதனை செய்து கட்டுரை எழுத, அது வெளிவந்த இதழில் நவம்பர் 1831 என்று பழைய தேதி இருந்தது. பார்க்கிறவர்களுக்கு இத்தாலியர்கள் முந்தியது போலத் தோன்றியது. பாரடே மிகவும் நொந்துபோனார். நல்ல மனசோடு பகிர்ந்ததால் வந்த வினை! தேதி எவ்வளவு முக்கியம் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. நாம் கிட் பயன்படுத்தும்போது யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று அதுவே குறித்து வைக்கிறதே, அந்த வசதி அவருக்கு இல்லை.

இத்தனைக்குப் பிறகும் அவர் கதவைச் சாத்தவில்லை என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. கண்டுபிடிப்பு எதற்கும் காப்புரிமை எடுக்கவில்லை. 1825ல் ஆய்வுக்கூட இயக்குநரானதும் உறுப்பினர்களை மாலையில் ஆய்வுக்கூடத்துக்கே அழைக்க ஆரம்பித்தார். அதுவே 1826ல் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவாக வளர்ந்தது. பிப்ரவரி 3 அன்று முதல் பேச்சு அவருடையது, தலைப்பு ரப்பர்! அவரே 100க்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகளில் பேசினார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 ஆண்டுகள் நடத்தினார். அதில் ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஆறு நாள் பேசியது 1861ல் புத்தகமாக வந்தது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் அந்தக் கட்டடத்தில் இன்றும் நடக்கின்றன. பழைய நண்பன் மக்ரத்தையும் மறக்கவில்லை. 1824ல் அத்தனேயம் கழகத்தின் செயலாளர் பதவி தனக்கு வந்தபோது, கொஞ்ச நாளில் அதை அவருக்கு வாங்கிக் கொடுத்தார்.

அவருக்குக் கணக்கு வராது என்பது அரியர் வைத்திருக்கும் நம் நண்பர்களுக்கு ஆறுதலான செய்தி. விசைக்கோடுகளைப் படமாகவே யோசித்தார். மேக்ஸ்வெல் பின்னால் வந்து அதைச் சமன்பாடாக எழுதினார். கடைசிக் காலத்தில் ஞாபகசக்தி குறைந்துகொண்டே போனது. ராயல் சொசைட்டித் தலைவர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். சர் பட்டமும் வேண்டாம் என்றார். அரசி கொடுத்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். ஹைகேட்டில் எளிய கல்லறை.

124 வருடம் கழித்து அதே ஆகஸ்ட் 25 அன்று, பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் ஒரு இயங்குதளம் எழுதுவதாகவும் கருத்துகள் வேண்டும் என்றும் முன்பின் தெரியாதவர்களுக்கு அறிவித்தார். அதுதான் லினக்ஸ். தற்செயல்தான், தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேரவைக்கு எழுதிய கடிதத்தை நான் கொடுக்கவில்லை. இப்போது கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருகிறோம், முறை வைத்துப் பேசுகிறோம். ஹாஸ்டல் பெண்கள் வர வசதியாக நேரத்தை மதியம் 2 மணிக்கு மாற்றியிருக்கிறோம். பேசாதவருக்கு அபராதம் எல்லோருக்கும் டீ, ஒன்பது டீ. இதுவரை ஒருமுறை வசூலாகியிருக்கிறது.

வரும் சனிக்கிழமை மறுபடி என் முறை. கிகேட்டில் ஒரு பவர் சப்ளை போர்டு வரைவது எப்படி என்று பேசப் போகிறேன். அறைத்தோழன் பழைய நோட்டு அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் மெதுவாக என்று பெரிசா எழுதி, இப்பவே என் கட்டிலுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறான்.